தாய்லாந்தில் ஒரு தாய்வீடு

முப்பது நிமிடம் என்று சாயப் பாக்கெட்டில் போட்டிருந்தது. மங்கையர்க்கரசி அதை நாற்பது என்று வைத்துக்கொண்டாள். அச்சடித்த எதையும் அப்படியே விழுங்காமல் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எடுத்துக்கொள்வது முப்பத்தோரு வருடம் பத்திரம் எழுதிய புத்தி, அது தலைக்குச் சாயம் பூசும்போது மட்டும் சும்மா இருக்குமா. பத்து நாற்பதுக்கு நெற்றியோரத்துக் கடைசி நரை வரை பூசியாகிவிட்டது, பதினொன்று இருபதுக்கு அலசலாம், பதினொன்றரைக்கு அந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொள்ளலாம், பன்னிரண்டு மணிக்குள் போனில் வந்து கிடக்கிற நீல எழுத்து லிங்க்கைத் தொட்டு விரலாலேயே கையெழுத்தைக் கிறுக்கிவிடலாம், பன்னிரண்டரைக்கு வீடியோவில் முகத்தைக் காட்டி நான்தான் வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், தாய்லாந்தில் ஒரு தீவில், எட்டாவது மாடியில், கடலைப் பார்த்தபடி ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று பட்டுக்கோட்டை மங்கையர்க்கரசி பேருக்கு வந்துவிடும். அந்த வீடியோவுக்காகத்தான் இந்தச் சாயம். சார்பதிவாளர் முன்னால் ஆஜராகிறவர்கள் எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், சொத்து வாங்குகிற முகம் என்று ஒன்று உண்டு, விற்கிற முகம் வேறு. மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், பழைய நைட்டியும் தோளைச் சுற்றி நேற்றைய செய்தித்தாளுமாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாயம் முதலில் ஜில்லென்று இருந்தது, இப்போது காதுக்குப் பின்னால் ஊர ஆரம்பித்திருந்தது. பாக்கெட்டோடு வந்த பிளாஸ்டிக் கையுறை வலது கட்டைவிரலில் கிழிந்துபோய் அந்த விரல் மட்டும் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது, ரேகை வைக்க வந்தவளுடைய விரல் மாதிரி. மின்விசிறி ஓடவில்லை. இன்றைக்கு மாதாந்திர ஷட்டவுன். போனில் பதினெட்டு சதவீதம் இருந்தது, அது போதும், ஒரு கையெழுத்துக்கும் ஒரு முகத்துக்கும் பதினெட்டு தாராளம், வேண்டுமானால் வீடியோவுக்கு அவர் போனை வாங்கிக்கொள்ளலாம்.

அவர் என்பது வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி, மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தில் ஏணி போட்டு ஏறி சுவிட்ச் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார், ஷட்டவுன் நாள் வந்தால்தான் அவருக்கு வீட்டு வேலை ஞாபகம் வரும். திருகாணி ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. தேடட்டும். அவளுக்குத் தேட ஒன்றுமில்லை, எல்லாம் பார்த்தாகிவிட்டது, முப்பத்திரண்டு பக்க ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாகிவிட்டது, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் போனில் போட்டுத் தமிழில் பார்த்து ஓரத்தில் பென்சிலால் எழுதியாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதியவள் தன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவாளா. எத்தனை பேரின் வீடு, எத்தனை பேரின் வயல், எத்தனை பேரின் தென்னந்தோப்பு, எல்லாம் அவள் பேனா வழியாகக் கை மாறிப் போயிருக்கிறது, தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதி எழுதி அந்த வரி அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆண்டு அனுபவித்து. அந்த இரண்டு வார்த்தை மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண். வாங்கியவர்கள் ஆண்டார்களே தவிர அனுபவித்ததை அவள் அதிகம் பார்த்ததில்லை. பூட்டிப் போட்டார்கள், வாடகைக்கு விட்டார்கள், அண்ணன் தம்பி வழக்குப் போட்டார்கள். தான் வாங்கினால் அனுபவிக்க வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். பைபாஸ் ஓரத்து மனையை அவள் சம்பாத்தியத்தில் அவள் பேரில் வாங்கி இருபத்திரண்டு வருடம், அதில் ஒரு நாள்கூடப் போய் நின்றதில்லை, நிற்க என்ன இருக்கிறது, கருவேலமுள். போன ஆனி மாதம் அதை விற்றபோது கிரயப் பத்திரத்தை அவளே எழுதினாள். எழுதிக் கொடுப்பவர் என்கிற இடத்தில் தன் பேரை முதல் தடவையாக எழுதியபோது கை ஒரு நிமிடம் நின்றது உண்மைதான், ஆனால் நின்றது வருத்தத்தில் அல்ல, விற்று என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, மதி வந்து தங்க ஒரு வீடு.

மதி என்றால் நிறைமதி, ஒரே பெண், மெல்போர்னில் பள்ளிக்கூட டீச்சர், போய் ஆறேழு வருடம் ஆகிறது. அதில் ஒரே ஒரு தடவை வந்தாள், ஆறு நாள். ஆறாவது நாள் பெட்டியை மூடும்போது, கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், இங்க வந்தா லீவே போயிடுதும்மா, யாரு யாரு வீட்டுக்கோ போகணும், வெயிலு, கொசு, ஒரு நாள்கூட சும்மா உக்காரலை. லீவே போயிடுது. அந்தச் சொல் மங்கையர்க்கரசிக்குள் எங்கேயோ போய் முள்ளாகத் தைத்துக்கொண்டது, பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அம்மா வீட்டுக்கு வந்தால் லீவு போய்விடும். சரி, லீவு போகாத இடத்தில் அம்மா வீடு இருந்தால். மதியும் மாப்பிள்ளையும் வருடா வருடம் தாய்லாந்துக்குத்தான் போகிறார்கள், கடற்கரையில் எடுத்த படங்களை அனுப்புவாள், ஓட்டல் அறை, ஓட்டல் தட்டு, ஓட்டல் துண்டு. அந்த ஓட்டலுக்குக் கொடுக்கிறதை, என்று ஆரம்பித்த யோசனைதான் இது. நாம் ஒரு வீடு வாங்கிப் போட்டால் மதி லீவுக்கு அங்கே வருவாள், நாமும் போவோம், அம்மா கையால் ரசம் வைத்துக் கொடுக்கலாம், மிச்ச நாளெல்லாம் கம்பெனிக்காரன் வாடகைக்கு விட்டு வருமானம் கொடுப்பான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைச் சொன்னபோது தட்சிணாமூர்த்தி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தாய்லாந்துல தாய்வீடு. பேரே நல்லாத்தான் இருக்கு மங்கை."

பேர் விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரித்தால் நெற்றியில் சாயம் இறங்கும். சென்னையில் இருந்து இதை விற்றுக் கொடுக்கிற பையன் தினகர், நல்ல பையன், மேடம் மேடம் என்று தேனாகப் பேசுவான். அவனிடம் முதல் நாளே கேட்டாள், தம்பி, தாய்ப்பத்திரம் அனுப்புங்க. அவன் அரை மணி நேரத்தில் அனுப்பினான். திறந்து பார்த்தால் பாதி ஜிலேபி எழுத்து, பாதி முத்திரை, ஒன்றும் புரியவில்லை. போன் போட்டு என்ன தம்பி இது என்றால், நீங்க கேட்டதுதான் மேடம், தாய் பத்திரம், தாய் லேங்குவேஜ்ல இருக்கு என்கிறான். இந்த மண் இதற்கு முன்னால் யாருடையது, அதற்கு முன்னால் யாருடையது என்று காட்டுகிற மூலப் பத்திரத்துக்குத்தான் நம் ஊரில் தாய்ப்பத்திரம் என்று பெயர் என அவனுக்கு அவள் பாடம் எடுத்தாள். பிறகு அதையும் வரவழைத்தாள், இங்கிலீஷில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரையோடு. அவள் விடுவாளா. வில்லங்கம் பார்த்தாள், கட்டட அனுமதி பார்த்தாள், கட்டடம் நிஜமாகவே நிற்கிறதா என்று அங்கிருந்த ஆளை வீடியோவில் எட்டாவது மாடிக்கு ஏறச் சொல்லி, அந்தச் சன்னலைத் திறக்கச் சொல்லி, கடலைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். கடல் இருந்தது. பக்கத்து மேசைப் பத்திர எழுத்தர் ஜமால் பாய் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. நாளைக்கு ஒரு தகராறுன்னா எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க? எந்தப் பாஷையில அழுவீங்க?" அந்தக் கேள்வி அன்று இரண்டு கவளச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது. ஆனால் அதற்கும் பதில் இருந்தது, ஒப்பந்தத்திலேயே சமரசக் குழு என்று ஒரு பிரிவு, எந்த ஊரில், எத்தனை பேர், எல்லாம் போட்டிருந்தான். அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டுக்காரருக்கு நேர் கிரயம் கிடையாது, முப்பது வருடக் குத்தகைதான் என்று வந்தபோதும் அவள் அசரவில்லை. ஐம்பத்தெட்டும் முப்பதும் எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு வயதுக்கு மேல் கடலில் கால் நனைத்து என்ன ஆகப்போகிறது. புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்கிற வார்த்தைதான் இல்லை. அது இல்லாமல் ஒரு பத்திரத்தைப் பார்ப்பது பொட்டில்லாத நெற்றியைப் பார்ப்பது மாதிரி உறுத்தியது, உறுத்தட்டும், அந்த ஊர் வழக்கம் அது.

காதுக்குப் பின்னால் அரிப்பு. தொடக்கூடாது. தொட்டால் அந்த விரலும் கறுக்கும். அவள் கவனத்தைத் திருப்பத் தோளில் கிடந்த செய்தித்தாளைப் பார்த்தாள், இடது தோளில் தலைகீழாக ஒரு கட்டம், நாளைய மின்தடை. தலைகீழாக எழுத்தைப் படிப்பது அவளுக்குக் கைவந்த கலை, எதிரே உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர் கையில் என்ன காகிதம் என்று இப்படித்தான் தெரிந்துகொள்வாள். பட்டுக்கோட்டை நகர், மதுக்கூர், துவரங்குறிச்சி, ஆலடிக்குமுளை, பள்ளிகொண்டான், அதைச் சுற்றியுள்ள பகுதிகள், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, உதவி செயற்பொறியாளர் அறிவிப்பு. முதல் நாள்தான் சொல்வார்கள், அதுவும் படிக்கிறவருக்குத்தான் தெரியும். தாய்லாந்துக்காரனைப் பார், முழு வருடத்துக்கும் மின்தடைத் தேதிகளை ஒப்பந்தத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டான், அனுபந்தம் மூன்று, பிளாக் அவுட் டேட்ஸ். பிளாக் அவுட் என்று போனில் போட்டபோது மின்தடை என்று வந்தது, அவள் உடனே அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். "பாத்தியா, இதுக்குப் பேருதான் நிர்வாகம். ஒரு வருஷத்துக்கு முன்னாடியே பிளான் பண்றான். நாங்க இதைச் சொன்னா மேல இருக்கிறவன் சிரிப்பான்." ஜமால் பாயிடம்கூட அவள் இதைப் பெருமையாகச் சொன்னாள், பாய், கரண்டு என்னிக்குப் போகும்னுகூட எழுதிக் குடுக்கிறாங்க, அவங்களா ஏமாத்துவாங்க. ஜமால் பாய் அதற்கு ஒன்றும் பேசவில்லை. ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை. ஏனோ அந்த வரியிலேயே கண் நின்றது. ஒன்பது முதல் ஐந்து. அனுபந்தம் மூன்றில் மணி இல்லை. தேதி இருந்தது, டிசம்பர் பதினைந்து முதல் ஜனவரி இருபது, ஏப்ரல் எட்டு முதல் இருபத்திரண்டு, ஜூலை முழுவதும் என்னவோ, ஆனால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று இல்லை. மணி இல்லாத மின்தடை அறிவிப்பா. அப்படியென்றால் முழு நாளும், முப்பத்தேழு நாளும். போகட்டும், கடலோரம், தீவு, மழைக்காலமாக இருக்கும், புயலுக்குப் பயந்து நிறுத்தி வைப்பார்கள்.

புயல் என்றதும் அந்த இருபத்து நாலு நாள் ஞாபகம் வந்துவிட்டது. கஜா அடித்துப் போன மறுநாள் காலையில் தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை, பின்பக்கத்துத் தென்னை மூன்றும் மாடிக் கைப்பிடிச் சுவரில் படுத்திருந்தன, அவர் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கம்பம் நடப் போனவர்தான், மூன்று நாளுக்கு ஒரு தடவை குளிக்க மட்டும் வந்தார். இவர்கள் தெருவுக்குக் கரண்டு வர இருபத்து நாலு நாள் ஆயிற்று. ஊரே அழுதது, இவளும் அழுதாள், எத்தனை பேர் தென்னையை இழந்து பைத்தியம் பிடித்த மாதிரி வந்து பத்திர அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வெட்கத்தோடு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால், யாரிடம் ஒத்துக்கொள்வது, சாயத்தலையோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போது தனக்குத்தானே ஒத்துக்கொண்டால் போதும், அந்த இருபத்து நாலு நாள்தான் மதி அவளோடு இருந்த நாட்கள். விசா வந்து கிளம்பக் காத்திருந்தாள், போன் இல்லை, டிவி இல்லை, மடிக்கணினி செத்துக் கிடந்தது. பகலெல்லாம் இரண்டு பேரும் இதே மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள், அம்மி கழுவி அரைத்தார்கள், மதி விசிறிமட்டையால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே கேட்டாள், நீ எப்படிம்மா பத்திரம் எழுதப் போன, ஆம்பளைங்க சிரிக்கலையா. அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. முதல் நாள் மேசை போட்ட கதை, நாற்காலியைத் தூக்கி ஒளித்து வைத்தவன் கதை, எல்லாம் சொன்னாள். இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் கரண்டு வந்தது, தெருவே கைதட்டியது, மதி ஓடிப்போய்ப் போனைச் சார்ஜில் போட்டாள், அவ்வளவுதான், பெண் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துத்தான் விமானம் ஏறினாள், ஆனாலும் போனது அன்றைக்குத்தான்.

போன் அதிர்ந்தது. மதியின் குரல் செய்தி, பள்ளிக்கூடம் விட்டிருக்கும். கறுப்பு விரலை மடக்கிக்கொண்டு நடுவிரலால் தொட்டாள். "ம்மா, லீவு கன்ஃபர்ம் ஆயிடுச்சு. டிசம்பர் பத்தொம்பதுலேர்ந்து. வீடு அதுக்குள்ள ரெடியாயிடும்ல? சொன்னா டிக்கெட்டு போட்டுருவேன். என்ன கலர் சேலை கட்டப் போற வீடியோவுக்கு? அந்த மாம்பழக் கலரா?" மங்கையர்க்கரசி இரண்டு தடவை கேட்டாள். பதினான்கு சதவீதம். மாம்பழ நிறத்தை மகளே சொன்னது வயிற்றில் பால் வார்த்தது. டிசம்பர் பத்தொன்பது. மின்தடை நடுவில் வருகிறது. மதிக்கு விசிறி இல்லாமல் ஆகாது, அதற்குத்தானே இவ்வளவும், அங்கேயும் வந்து வெயில், கொசு, லீவே போயிடுதும்மா என்று சொல்ல வைக்கவா இந்த மனையை விற்றது. ஜெனரேட்டர் இருக்கும், இத்தனை பெரிய கட்டடத்தில் இல்லாமலா, ஆனால் எழுதியிருக்கிறதா, எழுதாதது இல்லாதது என்று முப்பத்தோரு வருடமாக ஊருக்குச் சொன்னவள் அவள். கூடவே இன்னொன்றும் இடித்தது. டிசம்பர்தான் அங்கே கூட்டம் அலைமோதும், வாடகை எகிறும் என்று தினகர்தான் சொன்னான், கூட்டம் அலைமோதுகிற மாதத்தில் யாராவது கரண்டை நிறுத்துவார்களா. கேட்டுவிடுவோம், கேட்டால் என்ன குறைந்துபோகும். போன் போட்டு, காதில் சாயம் படாமல் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. டிசம்பர்ல கரண்டு இருக்காதே, ஜெனரேட்டர் போடுவாங்களா?"

"என்ன மேடம்?"

"கரண்டு. டிசம்பர் பதினஞ்சுலேர்ந்து ஜனவரி இருபது வரைக்கும்."

"மேடம், அங்க கரண்டு போறதே கிடையாது. போனாலும் அஞ்சு செகண்டுல ஜெனரேட்டர் எடுத்துக்கும்."

"அப்ப அனுபந்தம் மூணுல பிளாக் அவுட்டுன்னு போட்டிருக்கே."

அந்தப் பக்கம் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு, நல்ல பையன், மரியாதையாகத்தான் சிரித்தான். "அது கரண்டு இல்ல மேடம். அது ஓனர் தங்கக் கூடாத தேதி. சீசன் டைம்ல டூரிஸ்ட்டுக்கு மட்டும்தான் குடுப்பாங்க, அப்ப வாடகை டபுள். உங்களுக்குத்தான் லாபம்."

"நான் வாங்குற வீட்டுல நான் தங்கக் கூடாது."

"தங்கலாம் மேடம், வருஷத்துக்குப் பதினாலு நாள். இந்தத் தேதி இல்லாம. மே, ஜூன், நவம்பர்லாம் காலியாத்தான் இருக்கும்."

"என் பொண்ணு வந்தா?"

"ஓனர் ஃபேமிலியும் ஓனர் கணக்குதான் மேடம். வேணும்னா அவங்க டூரிஸ்ட் மாதிரி புக் பண்ணித் தங்கலாம். ஓனர் பொண்ணுங்கிறதால பத்து பர்சன்ட் தள்ளுபடி உண்டு."

பத்து சதவீதம் தள்ளுபடி. மங்கையர்க்கரசி அதை மனதில் எழுதிப் பார்த்தாள், என் மகள் என் வீட்டுக்கு வர நூற்றுக்குத் தொண்ணூறு. அவளுக்குக் கோபம் அவன் மேல் வரவில்லை. அவன் மறைக்கவில்லை, தனித் தாளில் தலைப்புப் போட்டுக் கொட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறான், அவள்தான் அதைக் கையில் வாங்கிப் பெருமையடித்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள். வில்லங்கத்தை மண்ணில் தேடினாள், பட்டாவில் தேடினாள், கோர்ட்டில் தேடினாள், அது ஒரு வார்த்தையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஜமால் பாய் ஏன் பேசாமல் இருந்தார். தெரிந்திருக்குமோ. நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும், விழிக்கலாம், அவருக்கும் சிரிக்க ஒரு நாள் வேண்டாமா.

"அந்த ஒரு தாளை மட்டும் அடிச்சுட்டு, ஓரத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கலாம் தம்பி. நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

"ஸ்டாண்டர்ட் ஃபார்மட் மேடம், ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. பன்னெண்டு மணிக்கு லிங்க் குளோஸ் ஆயிடும் மேடம். மும்பை பார்ட்டி ஒருத்தர் வெயிட்டிங்."

யோசிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டாள். பதினொரு சதவீதம், மணி பதினொன்று இருபத்தைந்து, நாற்பது நிமிடம் தாண்டிவிட்டது. யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது, யோசிக்க எவ்வளவோ இருக்கிறது என்றும் தோன்றியது. வாங்கிப் போடு, வருமானம் வரும், இதே ஒப்பந்தத்தை ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்தால் லாபம் உள்ளதுதான், போடுங்க என்றுதான் சொல்லியிருப்பாள். மதி நவம்பரில் வரட்டும். நவம்பரில் மதிக்கு ஏது லீவு, டீச்சருக்குப் பள்ளிக்கூடம் மூடினால்தான் லீவு, பள்ளிக்கூடம் மூடினால் சீசன், சீசன் என்றால் அம்மா வீட்டுக் கதவும் மூடல். டிசம்பர், ஏப்ரல், ஜூலை, தேதிக்குத் தேதி பொருத்தி வைத்த மாதிரி, அவள் மகள் வரக்கூடிய நாளெல்லாம் பொறுக்கி எடுத்து அடைத்திருக்கிறார்கள். அந்த எட்டாவது மாடி சன்னலில் யாரோ ஒரு குடும்பம் நிற்கும், யாரோ ஒரு பெண் தன் அம்மாவோடு நிற்பாள், அவள் இங்கே மாதா மாதம் அதன் வாடகையை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். பயம் என்று ஒன்று அப்போதுதான் வந்தது. வீடு போய்விடுமே என்றல்ல. வீடு இல்லை என்றால் மதி வரமாட்டாளோ என்று. தினகரிடம் கொடுத்த முன்பணம் போனால் போகிறது, அதைக்கூடத் தாங்கலாம், ஆனால் இந்த வீடு என்கிற சாக்கு போய்விட்டால் மகளைக் கூப்பிட அவளிடம் வேறு என்ன இருக்கிறது. இத்தனை வருடத்தில் வா என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாளா. எப்ப வருவே என்று கேட்டிருக்கிறாள், முடிஞ்சா வா என்று சொல்லியிருக்கிறாள், உனக்குச் சௌகரியப்பட்டா பாரு என்று சொல்லியிருக்கிறாள். ஊரார் ஆசையை எல்லாம் நான்கு எல்லை போட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியவள், தன் ஆசையை மட்டும் ஒரு தடவைகூடத் தெளிவாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஏங்க," என்றாள். ஏணியிலிருந்து இறங்கி வந்தவரிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். தட்சிணாமூர்த்தி கையில் திருப்புளியோடு நின்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை, மானக்கேடு.

"முப்பத்தேழு நாள் ஷட்டவுன் எந்த மடையனும் குடுக்கமாட்டான்னு எனக்குல்ல முதல்ல தோணியிருக்கணும். முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டு என்ன புண்ணியம்."

"நான் படிச்ச லட்சணம் மட்டும் என்னவாம். விடுங்க."

"இப்ப என்ன செய்யப் போற?"

"கையெழுத்து இல்ல."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தீர்மானம் ஆகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது, உள்ளே இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது சட்டென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் அவள் நெற்றியில் வழிய இருந்த ஒரு கறுப்புத் துளியைச் செய்தித்தாள் ஓரத்தால் ஒற்றி எடுத்தார். அந்த ஓரத்தில்தான் மதுக்கூரும் துவரங்குறிச்சியும் இருந்தன.

பதினொன்று நாற்பது. ஏழு சதவீதம். அவள் போனைக் கையில் எடுத்தாள், கறுத்த கட்டைவிரலைப் பார்த்தாள், இந்த விரலை அழுத்தினால்தான் குரல் பதிவாகும், திரையில் கறை படிந்தாலும் படியட்டும், ரேகை வைப்பது என்று ஆகிவிட்டால் விரல் கறுக்கத்தானே வேண்டும். அழுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பத்திரம் படித்துக் காட்டுகிற குரல் தானாக வந்தது, நிதானமாக, எதிரே இருப்பவருக்கு ஒரு சொல்லும் தப்பாமல்.

"மதி, அந்த வீட்டை வாங்கலை. நீ வர்ற தேதியில நாம அங்க தங்கக் கூடாதாம், அப்புறம் விவரமாச் சொல்றேன், சிரிப்ப. நீ டிக்கெட்டை இங்க போடு. நம்ம வீட்டுக்கு. யார் வீட்டுக்கும் போக வேண்டாம், யாரும் வர மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். சும்மா உக்காந்திருக்கலாம். வெயில் இருக்கும், கொசு இருக்கும், நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த வீட்டுல கரண்டு போற நாளு உண்டு. நீ வரக் கூடாத நாளு கிடையாது. வா."

விரலை எடுத்தாள். போனது. ஒரு டிக், இரண்டு டிக். அவள் அந்த இரண்டு டிக்கும் நீலமாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், தினகர் கூப்பிட்டான், எடுக்கவில்லை, மறுபடி கூப்பிட்டான், மறுபடி எடுக்கவில்லை, அவன் கூப்பிடக் கூப்பிட ஏழு ஆறாகி, ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றுக்கு வந்தது. மூன்றாவது தடவை அவன் கூப்பிட்டபோது போன் அப்படியே அணைந்துபோனது. கறுப்புக் கண்ணாடியில் செய்தித்தாள் போர்த்திய ஒரு பெண்பிள்ளையின் முகம் தெரிந்தது. அது வாங்குகிற முகமும் இல்லை, விற்கிற முகமும் இல்லை.

குழாயடியில் தலையை அலசும்போது தண்ணீர் வெகுநேரம் கறுப்பாகவே போயிற்று. நாற்பது நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறிவிட்டது, முடி இருபது வயதுக்காரியுடையது மாதிரி அநியாயத்துக்குக் கறுத்திருந்தது. தட்சிணாமூர்த்தி துண்டை நீட்டினார். என் போனில் பார்க்கிறாயா, மதி ஏதாவது போட்டிருப்பாள் என்றார், அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், தன் போனில் வந்ததைத் தன் போனில் கேட்பதுதான் முறை. மாம்பழ நிறச் சேலையை எடுத்தது எடுத்ததுதான், அதையே கட்டிக்கொண்டாள். முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு வந்துடும்," என்றார் அவர், சுவிட்ச் பெட்டியைப் பார்த்தபடி.

"நாலே முக்காலுக்கே வந்துடும், பாத்துக்கிட்டே இருங்க," என்றாள் மங்கையர்க்கரசி.